எடை குறையும்போது பிரஷர் மாத்திரை: பழைய சீட்டும் புது உடம்பும்

அக்காவுக்கு எடை குறைப்பு ஆபரேஷன் முடிந்து பதினெட்டாம் நாள். காலையில் கட்டிலை விட்டு எழுந்தவள் இரண்டடி வைத்ததும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். "கண்ணு இருட்டிக்கிட்டு வருதுடா, கொஞ்சம் பிடி" என்றாள். உட்கார வைத்துப் பிரஷர் பார்த்தேன். 98/62. ஆபரேஷனுக்கு முன்னால் மூன்று மாத்திரை போட்டும் மேல் எண் 150-க்குக் கீழே இறங்காதவள் அவள். முந்தின நாள் வரை அந்த மூன்றையும் ஒரு வேளை தவறாமல் விழுங்கியிருந்தாள்.

தவறு அவளுடையது அல்ல. டிஸ்சார்ஜ் சீட்டில் "பழைய மாத்திரைகளைத் தொடரவும்" என்று ஒரே ஒரு வரி இருந்தது. மறுபடி வரச் சொன்ன தேதி ஒரு மாதம் தள்ளி. அந்த மாதத்துக்குள் உடம்பு எங்கேயோ போய்விட்டது. சீட்டு நின்ற இடத்திலேயே நின்றது. மாத்திரை எழுதப்பட்டது பழைய உடம்புக்கு, விழுங்குவதோ புது உடம்பு. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு பிரஷர் மாத்திரையில் வரும் சிக்கல் எல்லாம் இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் எதைக் கவனிக்க வேண்டும், டாக்டரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பது தானாக விளங்கிவிடும்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். இந்த ஆபரேஷன்களில் அதிகம் செய்யப்படுபவை இரண்டு. ஸ்லீவ் என்றால் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை ஒடுங்கிய குழாய்போல விடுவது. பைபாஸ் என்றால் இரைப்பையின் மேல்பகுதியில் சின்னப் பை ஒன்றை அமைத்து, அதைச் சிறுகுடலின் சற்றுக் கீழ்ப்பகுதியோடு நேராக இணைப்பது. நெஞ்சில் செய்யும் இதய பைபாஸ் வேறு, இது வேறு. இரண்டு முறையிலும் பிரஷர் இறங்கும். மாத்திரையை முழுதாக விடும் வாய்ப்பு பைபாஸில் சற்றுக் கூடுதல்.

எடைக்கும் பிரஷருக்கும் என்ன தொடர்பு?

ரத்தம் குழாயின் சுவரை அழுத்தும் விசைதான் பிரஷர். இதயம் சுருங்கும்போது இருப்பது மேல் எண், தளரும்போது இருப்பது கீழ் எண். உடம்பில் உப்பும் நீரும் தேங்கினால் இது ஏறும். குழாய்கள் இறுகினால் ஏறும். இதயம் விரட்டி விரட்டி அடித்தாலும் ஏறும். உடல் பருமன் இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் செய்கிறது.

சிறுநீரகத்தைச் சுற்றிச் சேரும் கொழுப்பு அதை வெளியிலிருந்து அமுக்குகிறது. அமுங்கிய சிறுநீரகம் உப்பைச் சரியாக வெளியேற்றாது. கொழுப்பு சும்மா கிடக்கும் மூட்டையும் அல்ல. அது லெப்டின் போன்ற ஹார்மோன்களைச் சுரக்கிறது. லெப்டின் கூடும்போது, ஆபத்து நேரத்தில் உடம்பை உசுப்பிவிடும் நரம்பு மண்டலம் நாள் முழுக்க விழித்தே இருக்கிறது. ரத்தத்தில் இன்சுலின் அதிகமாக ஓடும்போதும் சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. போதாக்குறைக்கு இரவில் குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தொல்லை. ஒவ்வொரு முறை மூச்சு தடைபடும்போதும் உடம்பு திடுக்கிட்டு பிரஷரை ஏற்றுகிறது. அந்த ஏற்றம் பகலிலும் தங்கிவிடுகிறது.

ஆபரேஷனுக்குப் பிறகு இந்த முடிச்சுகள் ஒவ்வொன்றாக அவிழ்கின்றன. மூச்சுத் தடை தணிய மாதங்கள் ஆகலாம். சிறுநீரகத்தின் மேலிருக்கும் அமுக்கமும் எடையோடு சேர்ந்துதான் விலகும். ஆனால் பலருக்கு முதல் ஓரிரு வாரத்திலேயே, எடை பெரிதாகக் குறைவதற்கு முன்பே, பிரஷர் இறங்கிவிடுகிறது. அது எப்படி?

சாப்பாடு சில வாய்களாகச் சுருங்கிவிடுகிறது. அதோடு உப்பும் போய்விடுகிறது. இன்சுலின் இறங்கியதும் சிறுநீரகம் தேக்கி வைத்த உப்பையும் நீரையும் விடுவிக்கிறது. குடலில் சுரக்கும் சில ஹார்மோன்களும் இதற்குத் துணை நிற்கின்றன. இதுவரை எல்லாம் நல்லதுதான். இன்னொரு காரணமும் உண்டு, அது அத்தனை நல்லதல்ல. தண்ணீர் உள்ளே போவதே குறைந்துவிடுகிறது. நாளுக்கு ஒன்றரை லிட்டராவது குடிக்கச் சொல்வார்கள். ஒரே மூச்சில் அரை டம்ளர்கூட இறங்காத வயிறு அது. அக்கா பக்கத்தில் ஒரு பாட்டிலை வைத்துக்கொண்டு சிறு சிறு மடக்காகக் குடிப்பாள். மாலையில் பார்த்தால் பாதிகூடக் காலியாகியிருக்காது. ஆக, முதல் வாரங்களில் தெரியும் இறக்கத்தில் ஒரு பங்கு நிஜமான முன்னேற்றம், ஒரு பங்கு வெறும் நீர்வற்றல். இரண்டையும் எண்ணை மட்டும் பார்த்துப் பிரிக்க முடியாது. சிறுநீர் அடர்மஞ்சளாகப் போகிறதா, நாக்கு உலர்கிறதா, நாடி படபடக்கிறதா என்று பார்த்தால்தான் பிடிபடும். முதல் மாதத்தில் நிறுத்திய மாத்திரை ஒன்றை, தண்ணீர் நன்றாக இறங்கத் தொடங்கிய பிறகு சிலருக்கு மீண்டும் தொடங்க வேண்டிவருவதும் இதனால்தான். அதைத் தோல்வி என்று நினைத்து மனம் உடைய வேண்டாம்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

பிரேசிலில் நடந்த 'கேட்வே' ஆய்வு இதே கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. பிரஷருக்கு இரண்டு மருந்துகளை முழு அளவில், அல்லது இரண்டுக்கு மேற்பட்டவற்றை நடுத்தர அளவில் சாப்பிட்டுவந்த பருமனான 100 பேர். ஒரு பாதிக்கு பைபாஸும் மருந்தும். மறுபாதிக்கு மருந்து மட்டும். பிரஷர் 140/90-க்குள் இருக்கும்படி பார்த்துக்கொண்டே, மருந்துகளின் எண்ணிக்கையை 30 சதவீதமாவது குறைக்க முடிந்ததா என்று ஓராண்டு கழித்துப் பார்த்தார்கள். ஆபரேஷன் செய்தவர்களில் 83.7 சதவீதம் பேருக்கு முடிந்தது; மற்றவர்களில் 12.8 சதவீதம் பேருக்குத்தான். ஐந்தாண்டு கழித்தும் இந்த வித்தியாசம் ஏறக்குறைய அப்படியே நின்றது: 80.7, 13.7. மருந்தே இல்லாமல் பிரஷர் கட்டுக்குள் இருந்தவர்கள் அப்போது ஆபரேஷன் தரப்பில் 46.9 சதவீதம், மறுதரப்பில் 2.4 சதவீதம்.

இந்த எண்களை நான் இப்படித்தான் படிக்கிறேன். மாத்திரை குறையும் என்று தாராளமாக நம்பலாம். முழுக்க நின்றுவிடுமா என்பது பாதிக்குப் பாதி. பிரஷர் வந்து நெடுங்காலம் ஆனவர்களுக்கும், முன்பே பல மாத்திரை போட்டவர்களுக்கும், வயது கூடியவர்களுக்கும் அந்தப் பாதியும் குறையும். பல வருஷம் உயர் அழுத்தத்தைத் தாங்கிய குழாய்கள் தடித்து விறைத்துப்போயிருக்கும். எடை இறங்கினாலும் அந்த விறைப்பு முழுதாகத் திரும்பாது. பக்கத்துப் படுக்கைக்காரர் ஆறே மாதத்தில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார் என்பதை வைத்து உங்கள் உடம்பை எடைபோடாதீர்கள்.

எந்த மாத்திரை முதலில் போகும்?

பிரஷர் மாத்திரை என்று பொதுவாகச் சொன்னாலும் ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்தில் வேலை செய்கிறது. அதனால் குறைக்கும் வரிசையும் விதமும் வேறு வேறு.

பெரும்பாலும் முதலில் கைவைப்பது நீர் பிரிய வைக்கும் மாத்திரைகளில். ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன், ஃபியூரோசமைடு எல்லாம் இந்த வகை. உடம்பே தண்ணீருக்குத் தவிக்கும்போது இருப்பதையும் வெளியே தள்ளும் மாத்திரை எதற்கு? வாந்தியும் சேர்ந்துகொண்டால் பொட்டாசியம் சரிந்து தசைப்பிடிப்பும் படபடப்பும் வரும். பல மருத்துவக் குழுக்கள் இவற்றை ஆபரேஷனை ஒட்டியே நிறுத்திவிடுகின்றன. இங்கே ஒரு பொறி இருக்கிறது. இரண்டு மருந்தை ஒரே மாத்திரையில் சேர்த்து விற்பதுண்டு. டெல்மிசார்டான் பெயருக்குப் பின்னால் 'எச்' என்று ஒட்டியிருந்தால் உள்ளே நீர் மாத்திரையும் இருக்கிறது என்று பொருள். அக்கா போட்டுவந்ததும் அதுதான். "நீர் மாத்திரை ஏதும் போடுறீங்களா?" என்று கேட்டபோது இல்லை என்றுதான் பதில் சொல்லியிருந்தாள். அட்டையைத் திருப்பி, சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களை எல்லாம் படியுங்கள்.

அடுத்தது எனலாபிரில், ராமிபிரில் வகையும் டெல்மிசார்டான், லோசார்டான் வகையும். நீர் வற்றிய உடம்பில் இவை சிறுநீரகத்தைச் சிரமப்படுத்தும். அதனால் வாந்தியோ பேதியோ தொடர்ந்தால் அந்த நாட்களுக்கு மட்டும் நிறுத்திவைக்கச் சொல்வதுண்டு. அந்த ஏற்பாட்டை டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சர்க்கரை நோயால் சிறுநீரில் புரதம் கசிபவர்களுக்கும், இதயம் பலவீனப்பட்டவர்களுக்கும் இதே மருந்து காவல் வேலையும் பார்க்கிறது. பிரஷர் சரியான பிறகும் சிறிய அளவில் தொடரச் சொன்னால் காரணம் இதுதான்.

அட்டெனலால், மெட்டோபுரோலால், புரோபுரனலால் போன்ற பீட்டா பிளாக்கர்களை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. அடக்கி வைத்திருந்த நாடி துள்ளி எழும். இதயக் குழாயில் அடைப்பு உள்ளவருக்கு நெஞ்சுவலியே வரலாம். அளவைப் படிப்படியாக இறக்கித்தான் நிறுத்துவார்கள். குளோனிடின் இதைவிடப் பொல்லாதது. திடீரென்று விட்டால் பிரஷர் பழைய அளவையும் தாண்டிப் பாயும். இந்த வகை மாத்திரை பிரஷருக்காகவா, படபடப்புக்காகவா, ஒற்றைத் தலைவலிக்காகவா, முன்பு வந்த மாரடைப்புக்காகவா எழுதப்பட்டது என்பதையும் கேளுங்கள். பிரஷர் போனாலும் அந்தக் காரணம் போயிருக்காது.

அம்லோடிபின் உடம்பில் நெடுநேரம் தங்கும். இன்று நிறுத்தினால் நாளைக்கு எண் மாறாது; ஒரு வாரத்துக்கு மேல் பொறுத்துத்தான் உண்மை நிலவரம் தெரியும். பொதுவாகவே ஒரு தடவைக்கு ஒரு மாற்றம், பிறகு ஓரிரு வாரம் காத்திருப்பு என்பதுதான் பாதுகாப்பான நடை. இரண்டை ஒன்றாகக் குறைத்துவிட்டு எண் ஏறினால் எதனால் ஏறியது என்று யாருக்கும் தெரியாது.

மாத்திரையின் வடிவமும் முக்கியம். மெதுவாகக் கரையும்படி செய்த நீள்செயல் மாத்திரைகளை, தொண்டையில் இறங்கவில்லை என்று உடைத்தோ பொடித்தோ போடக் கூடாது. ஒரு நாளுக்கான மருந்து ஒரே நேரத்தில் ரத்தத்தில் கொட்டிவிடும். பைபாஸுக்குப் பிறகு குடலின் பாதை மாறிவிடுவதால் அவை முழுதாக உறிஞ்சப்படாமலும் போகலாம். சாதாரண வகைக்கோ திரவ வடிவத்துக்கோ மாற்றித் தரச் சொல்லுங்கள். மூட்டுவலிக்கு இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போடும் பழக்கம் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். பிரஷரை ஏற்றுவதோடு, பைபாஸ் செய்த வயிற்றில் அவை புண்ணையும் உண்டாக்கும்.

குழந்தை பெறும் வயதில் இருக்கும் பெண்களுக்கு ஒன்று. எடை குறையும்போது மாதவிடாய் சீராகி, கரு தரிக்கும் வாய்ப்பு கூடுகிறது. ராமிபிரில், டெல்மிசார்டான் வகைகள் வயிற்றிலிருக்கும் குழந்தைக்குத் தீங்கு செய்யும். ஆபரேஷனுக்குப் பிறகு 12 முதல் 18 மாதம் வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். தள்ளிப்போடும் வழியையும், போடும் பிரஷர் மாத்திரையையும் ஒரே சமயத்தில் டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

கருவியின் பட்டை

இதை விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் வீட்டில் அளப்பவர்களில் பலர் கவனிக்காத இடம் இது.

எட்டாம் மாதம். அம்லோடிபின் 10-லிருந்து 5-க்கு இறங்கியிருந்தது. ஒரு வாரச் சராசரி மேல் எண் 126. அந்த 5-ஐயும் நிறுத்திவிடலாம் என்று டாக்டர் நினைத்திருந்தார். அன்று அக்காவின் கையில் பட்டையைச் சுற்றும்போதுதான் உறைத்தது: ஆரம்பத்தில் குறியிட்ட கோட்டுக்குள் சரியாக நின்ற அதே பட்டை, இப்போது குறியிட்ட கோட்டைத் தாண்டிச் சுற்றிக்கொண்டு போகிறது. அளவு நாடாவை எடுத்துத் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் அளந்தேன். ஆபரேஷனுக்கு முன் 39 செ.மீ. இருந்த கை 33 ஆகியிருந்தது. எங்களிடம் இருந்தது 35 முதல் 44 செ.மீ. வரையிலான கைக்கு உரிய பெரிய பட்டை. 27 முதல் 34 வரைக்கான சாதாரணப் பட்டையை வாங்கி மறுபடி ஒரு வாரம் அளந்தோம். சராசரி 131.

பட்டை கைக்குப் பெரிதாக இருந்தால் பிரஷர் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். சிறிதாக இருந்தால் கூடுதலாகக் காட்டும். 2023-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், சிறிய பட்டை தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரணப் பட்டையைச் சுற்றியபோது மேல் எண் சராசரியாக 3.6 குறைத்துக் காட்டியது. மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்கு அதே சாதாரணப் பட்டையைச் சுற்றியபோது 19.5 கூட்டிக் காட்டியது. அதாவது பருமனான கையில் சிறிய பட்டையைச் சுற்றி அளந்த 150, உண்மையில் அவ்வளவு இல்லாமலும் இருக்கலாம். எங்களுக்கு வந்த வித்தியாசம் ஐந்துதான். ஆனால் மாத்திரையை நிறுத்துவதா வேண்டாமா என்பது அந்த ஐந்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் பொறுத்தார், பதினோராம் மாதத்தில்தான் அதை நிறுத்தினார். கையின் சுற்றளவை மாதம் ஒருமுறை அளந்து, பிரஷர் குறிக்கும் நோட்டிலேயே எழுதி வையுங்கள்.

அளக்கும் முறை எல்லோருக்கும் பொதுவானது. ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார்ந்து, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட, கை நெஞ்சின் மட்டத்தில் இருக்க வேண்டும். காலையில் மாத்திரைக்கு முன்பும் மாலையிலும், ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டிரண்டு தடவை. ஒரு தனி எண்ணுக்கு மதிப்பில்லை. ஒரு வாரத்தின் சராசரிதான் பேசும்.

இந்த ஆபரேஷன் செய்தவர்களுக்குக் கூடுதலாக ஒன்று உண்டு: நின்று அளப்பது. உட்கார்ந்து அளந்த பிறகு எழுந்து நின்று, ஒன்றாம் நிமிஷமும் மூன்றாம் நிமிஷமும் அளக்க வேண்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 விழுந்தால், உட்கார்ந்திருக்கும்போது எண் அழகாக இருந்தாலும் மருந்து அதிகமாக இருக்கலாம் அல்லது தண்ணீர் போதாமல் இருக்கலாம். அக்காவுக்கு அன்று காலை நடந்தது இதுதான். மேல் எண் 100-க்குக் கீழே இருந்து தலையும் சுற்றினால் அன்றைக்கே டாக்டரை அழையுங்கள். மயங்கி விழுந்தால், நெஞ்சு வலித்தால், ஒரு பக்கம் கைகால் வலுவிழந்தால் போன் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். மறுபக்கமும் உண்டு. மாத்திரையைக் குறைத்த பிறகு 180/120-ஐத் தொட்டால் ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். அப்படியே நின்றால் உடனே உதவி தேடுங்கள்.

தலைசுற்றல் எல்லாமே பிரஷர் அல்ல. இனிப்பாக ஏதாவது சாப்பிட்டு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து வியர்த்து நடுங்கினால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும்கூடப் பழைய அளவிலேயே ஓடிக்கொண்டிருந்தால் இது இன்னும் எளிதில் நடக்கும். இரும்புச்சத்து குறைந்து ரத்தசோகை வந்திருக்கலாம். நாள்கணக்கில் வாந்தி எடுத்தவர் தடுமாறி நடந்தால், பார்வை இரட்டையாகத் தெரிந்தால், அது வைட்டமின் பி1 பற்றாக்குறையாக இருக்கலாம். அதில் தாமதிக்கவே கூடாது. இந்த நேரங்களில் பிரஷர் மாத்திரையை மட்டும் குறைத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

மாத்திரை நின்ற பிறகு

நோய் போய்விட்டது என்று சொல்வதைவிடத் தணிந்திருக்கிறது என்று சொல்வதே சரி. 1987-ல் தொடங்கிய சுவீடன் நாட்டு நெடுங்கால ஆய்வில், ஆபரேஷனுக்கு இரண்டாண்டு கழித்துப் பிரஷர் சரியாகியிருந்தவர்களின் பங்கு பத்தாவது ஆண்டில் கணிசமாகக் குறைந்திருந்தது. எடை கொஞ்சம் திரும்புகிறது, வயது ஏறுகிறது, குழாய்கள் முதிர்கின்றன. சத்தமில்லாமல் ஏறும் பிரஷருக்கு அறிகுறி எதுவும் இருக்காது. மாத்திரை இல்லாத நாட்களிலும் மாதத்தில் ஒரு வாரமாவது அளந்து பார்ப்பது இதற்காகத்தான்.

அக்காவிடம் இப்போது டெல்மிசார்டான் 40 மட்டும் இருக்கிறது, 'எச்' இல்லாமல். சிறுநீரில் புரதம் கொஞ்சம் கசிவதால் அது இருக்கட்டும் என்று டாக்டர் விட்டுவைத்திருக்கிறார். "எல்லாம் போயிரும்னு நினைச்சேன், இது ஒண்ணு மிச்சமாயிடுச்சே" என்று முதலில் குறைப்பட்டாள். எதற்காக என்று விளக்கிச் சொன்னதும் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "அப்ப இது பிரஷர் மாத்திரை இல்ல, கிட்னி மாத்திரைன்னு எழுதி வைடா" என்றாள். நோட்டில் அப்படியே எழுதி வைத்திருக்கிறோம், அடுத்த சிறுநீர்ப் பரிசோதனைத் தேதியோடு.